கிழக்கே போக வேண்டிய தண்ணீர்

அணை என்றாலே சர்க்கார் கட்டியது என்றுதான் நம்மில் பலருக்கும் நினைப்பு. மேட்டூரையும் பைக்காராவையும் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா! வேலை நிமித்தம் பம்பாய்க்குப் போன பிறகுதான், ஒரு கம்பெனிக்கே சொந்தமாக வரிசையாக அணைகள் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. புனே போகும் பழைய சாலையில், கோப்போலி அருகே மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்கும். என்னவென்று கேட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் "டாடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்த மலை உச்சியில் பெய்யும் மழை இயல்பாகக் கிழக்கே ஓடி, பீமா நதியில் சேர்ந்து, பண்டரிபுரத்தைத் தொட்டுக் கிருஷ்ணாவில் கலக்க வேண்டியது. அதை மேலேயே தேக்கி, மேற்குப் பக்கம் 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து கொங்கணத்தில் விழ வைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். கோப்போலி 1915, பிவ்புரி 1922, பீரா 1927. இன்று மூன்றும் சேர்ந்து சுமார் 450 மெகாவாட். நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறிய பம்பாய் மில்களுக்கு அது வரப்பிரசாதம். யோசனை ஜாம்ஷெட்ஜி டாடாவுடையது. ஆனால் 1904-லேயே காலமாகிவிட்டதால் அவர் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. பீரா மின்நிலையத்துக்காக முல்ஷியில் அணை கட்ட, 1894-ம் வருடத்து நில எடுப்புச் சட்டத்தின் துணையோடு விவசாயிகளின் நிலம் கம்பெனிக்குப் போனது. 1921-ல் சத்தியாக்கிரகம் வெடித்தது. தலைமை தாங்கிய பாண்டுரங்க மகாதேவ் பாபட் சிறை சென்றார். அந்தப் போராட்டம்தான் அவரை 'சேனாபதி' ஆக்கியது. புனேயில் இருந்த லேவாதேவிக்காரர்களுக்கு நஷ்ட ஈடு போதுமானதாக இருந்தது. ஏர் பிடித்தவனுக்குப் போதவில்லை. 1924-ல் போராட்டம் ஓய்ந்தது, அணை எழுந்தது.

கம்பெனியை அரசுடைமை ஆக்கு என்று நான் கொடி பிடிக்கவில்லை. சர்க்கார் நடத்தும் லட்சணமும் நமக்குத் தெரியும். ஆனால் நூறு வருடத்துக்கு முந்தைய ஏற்பாடு, சோலாப்பூர் பக்கம் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் வருடத்திலும் அப்படியே நிற்க வேண்டுமா? மின்சாரத்துக்கு இன்று வெயில், காற்று என்று வேறு வழிகள் இருக்கின்றன. குடிதண்ணீருக்கு இல்லை.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளி கிரிட் விழுந்தாலும் மும்பை இருளாமல் காப்பதில், நொடியில் சுழலும் இந்த டர்பைன்களுக்குப் பங்குண்டு. மேற்கே இறங்கும் நீரை நம்பியும் ஊர்கள், ஆலைகள் வளர்ந்துவிட்டன. கோலாடில் குண்டலிகா ஆற்றில் ரப்பர் படகு விடுகிறார்களே, அதுகூட பீராவிலிருந்து வரும் தண்ணீர்தான்! ஆகவே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை.

மழை பொய்த்த வருடம் மட்டும், குடிநீருக்கு வேண்டிய அளவைக் கிழக்கே திறந்துவிட வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதை அரசு முடிவு செய்யட்டும், கம்பெனி அல்ல. குறையும் மின்சாரத்துக்கு நியாயமான ஈடு கொடுக்கலாம். அதனால் மும்பைக் கட்டணம் யூனிட்டுக்குச் சில பைசா கூடினால், அங்கே என் பழைய அண்டை வீட்டார் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.