பத்மினிக்காரரும் பதினான்கு கையெழுத்தும்

எங்கள் தெருவில் பத்மினிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1978ஆம் வருடத்துப் பிரீமியர் பத்மினி ஒன்றை வைத்துக்கொண்டு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டு வாசலில் அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பவர். அவர்மேல் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு மனு வந்திருக்கிறது. பதினான்கு கையெழுத்து. அதில் ஒன்று என் மருமகளுடையது. சங்கத்தின் செயற்குழுவில் இருப்பதால் என்னிடமும் கேட்டார்கள். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று வீட்டுக்குள் ஒரு தடவை, பால் வாங்கும் இடத்தில் ஒரு தடவை, நடைப்பயிற்சியில் ஒரு தடவை என்று சொல்லி அலுத்துவிட்டது. இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

மனுவில் எல்லாமே இருக்கிறது. சத்தம், பெயிண்ட் நாற்றம், ஆயில், தெருவை அடைப்பது, பழைய டயரில் தண்ணீர் தேங்கிக் கொசு வருவது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி சட்டவிரோதம் என்று ஒரு வரி. தெருவின் தோற்றம் கெடுகிறது, வீடுகளின் மதிப்பு இறங்குகிறது என்று கடைசி வரி. ஒரு மாதத்துக்குள் காரை அப்புறப்படுத்த வேண்டும் என்பது கோரிக்கை.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இது அம்பத்தூர். 1964இல் தொழிற்பேட்டை வந்த பிறகு ஊராக வளர்ந்த இடம். ஆவடியில் டாங்கி, பெரம்பூரில் ரயில் பெட்டி, பாடியில் பிரேக்கும் சக்கரமும், அம்பத்தூரில் சைக்கிள் என்று சுற்றுவட்டாரம் முழுக்க இரும்போடு பிழைத்தது. நான் குடிவந்த புதிதில் எங்கள் தெருவில் நாலு வீட்டின் பின்கட்டில் லேத் ஓடியது. ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்வார்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் ஒரு வீட்டில் தூங்குவார், அடுத்த வீட்டில் பட்டறைக்கல்லில் சுத்தியல் விழும். யாரும் மனு எழுதவில்லை. இன்றைக்கு அந்த லேத் ஓட்டியவர்களின் பேரன்கள்தான் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மடிக்கணினியில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஸ்பேனர் கீழே விழுந்தால் மீட்டிங் கெட்டுவிடுகிறது. கெடத்தான் செய்யும். அது அவர்கள் சோறு. அதனால் சத்தத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எந்தச் சத்தம், எத்தனை மணிக்கு என்று பிரித்துப் பேசவேண்டும் என்கிறேன்.

போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். கார் வேலை என்றாலே காது கிழியும் என்று நினைப்பவர்கள், அந்த வேலையை நின்று பார்க்காதவர்கள். பாயிண்ட் இடைவெளி பார்ப்பது, டேப்பட் செட் பண்ணுவது, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி ஜெட்டை ஊதி மாட்டுவது, வீல் சிலிண்டருக்கு ரப்பர் மாற்றுவது எல்லாம் கிட்டத்தட்ட ஊமை வேலைகள். பத்மினிக்காரர் செய்வதில் முக்கால்வாசி இதுதான். இட்லிப் பொடி அரைக்கும் மிக்சி இதைவிடப் பல மடங்கு கத்தும். காதை அறுப்பவை மூன்று: டிங்கரிங் சுத்தியல், கிரைண்டர், கம்ப்ரசர். நாலாவதாக, வேலை முடிந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து இஞ்சினை உறுமவிடுவது. இந்தக் கடைசிச் சத்தம் பாதி நேரம் மனிதர் ரசிப்பதற்காகச் செய்வது. அதை அவரிடமே சொன்னேன். "சார், நீங்க டெப்போவுல பண்ணாததா?" என்று கேட்டார். டெப்போவுக்கும் தெருவுக்கும் வித்தியாசம் உண்டு என்றேன்.

ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை 55 டெசிபல், அதற்குப் பிறகு 45. இந்த அளவை வைத்துப் பார்த்தால் கிரைண்டரும் சுத்தியலும் தேறாது. ஆடி மாதத்து ஒலிபெருக்கியும் தேறாது, போன வருடம் நடுராத்திரி தாண்டியும் போர் போட்ட லாரியும் தேறாது. போர் போட்டவர் வீட்டுக் கையெழுத்தும் மனுவில் இருக்கிறது, மூன்றாவதாக.

சட்டவிரோதம் என்ற வரி சுத்தத் தவறு. பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்ற தடை டெல்லி வட்டாரத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயம் போட்டு, 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தொலைக்காட்சியில் டெல்லிச் செய்தியைப் பார்த்துவிட்டு அம்பத்தூரில் மனு எழுதியிருக்கிறார்கள். இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதினைந்து வருடம் முடிந்தால் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5000 ஆக்கினார்கள். மனிதர் வரிசையில் நின்று கட்டினார். 2028இல் அந்த வண்டிக்கு ஐம்பது நிறைந்துவிடும். ஐம்பது தாண்டிய, உரு மாற்றாத வண்டிகளை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசே தனி விதி கொண்டுவந்தது. ஒரு கை விண்டேஜ் என்று தனி எண் கொடுக்க, இன்னொரு கை குப்பை என்று தூக்கச் சொல்கிறது.

மனு எழுதியவர்களில் ஒருவர் ஆர்.டி.ஓ.விடம் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போயும் வந்தார். அண்ணாநகர்ப் பக்கம் வாகனப் பதிவு அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு, அங்கே ஒன்றும் நடக்காது என்று திரும்பினார். பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு. அவரும் ஆர்.டி.ஓ.தான், ஆனால் வேறு ஆர்.டி.ஓ. பழைய சட்டத்தில் அது 133ஆவது பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 152. இவருக்கு இந்த வித்தியாசத்தை நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று என் மனைவி அபிப்பிராயப்படுகிறாள்.

"இதெல்லாம் ஒர்க் ஷாப்ல கொடுத்துச் செய்ய வேண்டியதுதானே?" இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி மாதிரித்தான் தோன்றும். எங்கே கொடுப்பது? இன்றைய சர்வீஸ் சென்டரில் பையன் முதலில் ஒரு கருவியைக் கொண்டுவந்து காரில் செருகப் பார்ப்பான். பத்மினியில் செருக இடமே கிடையாது. கார்புரேட்டரைக் கண்ணால் கண்டிராத மெக்கானிக்குகள் வந்து ஒரு தலைமுறையாகிறது. அந்தக் கார் தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு. மும்பையில் கருப்பு-மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினிகளில் கடைசி வண்டியும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடினால் கிடைக்கும். கிடைத்ததை அப்படியே மாட்ட முடியாது, அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பத்மினிக்காரர் டூல்ரூமில் ஃபிட்டராக இருந்தவர், அவரால் முடிகிறது. இந்த மாதிரி வண்டிக்கு இனி வீடுதான் ஒர்க் ஷாப். வீட்டில் செய்யக்கூடாது என்றால் பழைய இரும்புக்குப் போடு என்று அர்த்தம். அதை அப்படியே நேராக எழுதட்டுமே.

2023 டிசம்பர் மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது உங்களில் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். புதுக்கார்கள் வரிசையாக டோ வண்டியில் போயின. சில, பொங்கலுக்குக்கூட வரவில்லை. இவர் ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்து, நாலாம் நாள் வண்டியைக் கிளப்பினார். இரண்டு வாரம் அந்தப் பத்மினியில்தான் தெருவில் பாதிப்பேர் மருந்துக்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனோம். அப்போது யாருக்கும் தோற்றம் கெடவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு பெயிண்டுக்கு வருகிறேன். இதில் நான் பத்மினிக்காரர் பக்கம் இல்லை.

என் பேரனுக்கு வீசிங் உண்டு. அவன் படுக்கும் அறை ஜன்னலுக்கும் பத்மினிக்காரர் வீட்டு வாசலுக்கும் நடுவே இருபது அடித் தெரு மட்டும்தான். போன தை மாதம் அவர் இரண்டு நாள் கம்ப்ரசர் வைத்து முன்பக்க ஃபெண்டருக்குப் பெயிண்ட் அடித்தார். இரண்டாவது நாள் ராத்திரி பையனை நெபுலைசருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெயிண்டால்தான் வந்தது என்று டாக்டர் எழுதித் தரவில்லை, பனிக்காலம் வேறு. ஆனால் பணிமனையில் பெயிண்ட் ஷெட்டை ஏன் தனியாக, காற்று உறிஞ்சும் விசிறி வைத்துக் கட்டியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தின்னர் நெடி ஒரு பக்கம். இப்போது வரும் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பெயிண்டில், கெட்டியாவதற்குச் சேர்ப்பதில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஸ்பிரே பண்ணும்போது அது மூச்சில் போனால் நல்ல நுரையீரல்காரனுக்கே ஆஸ்துமா வரலாம். அடிப்பவன் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாது. எதிர்வீட்டுக் குழந்தைக்கு அந்தக் கைக்குட்டைகூடக் கிடையாது. "மாமா, கார் இருக்கட்டும், எனக்கு என் புள்ள மூச்சு விடணும்" என்று மருமகள் சொன்னாள். இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. தெருவில் ஸ்பிரே பெயிண்ட் என்பது எந்த மணி நேரத்திலும் கூடாது.

மனுவில் யாரும் எழுதாத ஒன்றும் இருக்கிறது. பழைய காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு. டிரம்மைத் திறந்து அந்தத் தூசியை வாயாலோ கம்ப்ரசராலோ ஊதினால், கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் மிதந்து நுரையீரலில் போய்த் தங்கும். நாற்றமில்லை, சத்தமில்லை, அதனால் புகாரும் இல்லை. ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடவேண்டும். இதை அவருக்குப் பணிந்து சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆயில் விஷயத்தில் அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தட்டு வைத்துப் பிடித்து, கேனில் ஊற்றி, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கிறார். வடிகாலில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் காட்டினார்கள். அது அவர் வாசலுக்கு மேற்பக்கத்திலிருந்தே வருகிறது, நான் நடந்து போய்ப் பார்த்தேன். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும் ஊர் இது. யார் ஊற்றினாலும் அந்தத் தண்ணீர்தான் கெடும்.

தெருவை அடைப்பது என்ற புகாரை நான் எண்ணிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட பதினான்கு வீடுகளுக்குச் சேர்த்து, ராத்திரி தெருவிலேயே நிற்கும் கார்கள் ஒன்பது. பத்மினி அவர் வீட்டு போர்டிகோவில் நிற்கிறது. வேலை நடக்கும்போது பின்பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆக, மிச்சம் இருப்பது கடைசி வரி. தோற்றம். பானெட் திறந்து, செங்கல் முட்டுக்கொடுத்து, ப்ரைமர் தடவிய ஒரு கார். பக்கத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை கிரீஸோடு எழுபது வயதுக் கிழவர். இது பார்க்க அசிங்கம் என்று எழுதியிருக்கிறார்கள். மற்றப் புகார்களையெல்லாம் தூக்கி நிறுத்துவது இதுதான் என்று எனக்குப் படுகிறது. வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்கள் தயங்குகிறார்களாம். இந்த வரியை வைத்துக்கொண்டு மற்ற எது நியாயமாக இருந்தாலும் என்னால் கையெழுத்துப் போட முடியாது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் கிரீஸ் படிந்த கையால் கட்டின வீடுகள். என்னுடையதும்தான்.

வருகிற ஞாயிறு சங்கக் கூட்டம். மனுவுக்குப் பதிலாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்பிரே பெயிண்ட் இனி தெருவில் இல்லை. பாடிப் பக்கம் தெரிந்த பெயிண்ட் ஷெட் ஒன்றில் பேசியாகிவிட்டது, வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போய் அடிக்கலாம். சுத்தியலும் கிரைண்டரும் காலை 10 முதல் 12 வரை, மாலை 4 முதல் 6 வரை மட்டும். பழைய டயர்கள் மழைக்காலத்துக்கு முன் போய்விட வேண்டும். இஞ்சின் உறுமல் வேண்டாம். கார் இருக்கும்.

தாளை முதலில் அவரிடம் காட்டினேன். பெயிண்டுக்கும் டயருக்கும் உடனே சரி என்றார். உறுமலுக்குக் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டுச் சரி என்றார். ஞாயிறு காலைதான் தகராறு. அவருக்குக் கை கொடுக்கும் பையன் வருவது ஞாயிறு மட்டும்தான், ஏழு மணிக்கு வந்து ஒன்பதுக்குப் போய்விடுவான். மருமகளுக்கு வாரத்தில் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு காலைதான். எட்டரை என்று பேசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இருவரிடமும்.