லேட்டா பார்த்தா என்ன தப்பு?



போன மாதம் ஒருநாள் இடைவேளையில், "அன்பே சிவம் பார்த்தேன், சூப்பர் படம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "இப்பத்தான் பார்த்தியா?" என்று ஒருத்தி. "அது எங்க அம்மா காலத்துப் படம்டி" என்று இன்னொருத்தி. அன்றைக்கு முழுக்க எனக்குக் 'கிழவி' என்று பேர். அதுக்கு முந்தின வாரம் புதுசா வந்த ஒரு படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை என்று சிரித்ததும் இதே ஆளுங்கதான். புதுப்படம் பார்க்கலைன்னாலும் தப்பு, பழைய படம் பார்த்தாலும் தப்பு என்றால் நான் என்னதான் பார்ப்பது? அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்க வீட்டுக்கு எந்தப் படமும் லேட்டாத்தான் வரும். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கோடை லீவுக்கு வரும் பெரிய படங்கள் எல்லாம் அந்த நாட்களில்தான் வரும். படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது தியேட்டர் பேச்சை எடுத்தால் அம்மா முறைக்கும். தடை முடிந்து, மீன் வந்து, கடையில் வைத்த கடனை அடைத்து நிமிர்வதற்குள் படம் தியேட்டரை விட்டே ஓடியிருக்கும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது தெரியும். வயல்பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அதனால் நாங்கள் டிவியில் போடும்போதுதான் பார்ப்போம். அதுவும் கரண்ட் இருந்தால்.

இப்போ அன்பே சிவத்துக்கு வருகிறேன். அந்தப் படம் வந்தது 2003 ஜனவரி, பொங்கல் சமயம். கதையும் திரைக்கதையும் கமல்ஹாசன், வசனம் மதன், இயக்கம் சுந்தர் சி., இசை வித்யாசாகர். அப்போது படம் ஓடவில்லை. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் "காவியம்" என்கிறார்கள். டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டுத்தான் ஜனங்க பார்த்தார்களாம். டிக்கெட் எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் இருபது வருஷம் கழித்துக் காவியம் என்று சொன்னால், எடுத்தவர்களுக்கு என்ன லாபம்? இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்க அப்பாவும் அந்தக் கணக்கில்தான் வருவார். அப்போது கல்யாணம் ஆகாத இளைஞர். "ஏன்ப்பா நீங்க போகல?" என்று கேட்டேன். "அந்தப் பொங்கலுக்கு விக்ரம் நடிச்ச தூள் வந்துச்சு, எல்லாரும் சேர்ந்து அதுக்குப் போனோம். இதுல கமலு மூஞ்சியெல்லாம் தழும்பு, சோடாபுட்டிக் கண்ணாடி, காலைச் சாய்ச்சிச் சாய்ச்சி நடக்குறாரு. பொங்கலும் அதுவுமா காசு குடுத்துப் போய் அழுதுட்டு வரவா?" என்றார். அதுவும் நியாயம்தானே! வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ படம் பார்க்கிறவர், சந்தோஷமான படத்துக்குத்தான் போவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

படத்தின் கதை பார்க்காதவர்களுக்காக: புவனேஸ்வர் விமான நிலையத்தில் மழையால் விமானம் ரத்து. நல்லசிவம் (கமல்), அன்பரசு (மாதவன்) என்று ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேர் ஊருக்குத் திரும்ப ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள். அன்பரசுக்கு நல்லசிவத்தைக் கண்டாலே ஆகாது. வெள்ளம், ரயில், விபத்து என்று போகப் போக மாறுகிறார். நடுவில் வரும் காதல் கதை எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, இழுவை. ஆனால் ரயில் விபத்துக்கு அப்புறம் ஒரு பையனைக் காப்பாற்ற அன்பரசு ரத்தம் கொடுக்கும் இடத்தில் எங்க வீட்டில் யாரும் பேசவில்லை.

அந்தப் படத்தில் ஒரு இடத்தில் நல்லசிவம் பேச்சுவாக்கில் 'சுனாமி' என்று ஒரு வார்த்தை சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டுக் கதை போய்க்கொண்டே இருக்கும்.

எங்க அப்பாயி அதுவரை சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்துச்சு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நிமிர்ந்து, "இது என்னைக்கு வந்த படம்?" என்று கேட்டுச்சு. 2003 என்று சொன்னேன். "அப்ப தண்ணி வர்றதுக்கு முன்னாடியா?" ஆமாம் என்றேன். அப்பாயி எழுந்து வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. படம் முடியும்வரை உள்ளே வரவில்லை.

எங்க வீட்டுச் சுவரில் பெரிய அத்தை போட்டோ இருக்கும். வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்பாவுக்கு அக்கா. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் அலைக்குத் தப்பி ஓடி வந்தவங்க. அலை வடிஞ்சிடுச்சே என்று நினைத்து, ரேஷன் கார்டையும் மகளிர் குழுப் பணத்தையும் எடுக்கத் திரும்பி வீட்டுக்குப் போனாங்க. அடுத்த அலை வந்தது. சுனாமி என்றால் ஒரே அலை இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக வரும், சில சமயம் பின்னால் வருவதுதான் பெரியது என்று இப்போ நமக்குத் தெரியும். அன்றைக்கு எங்க தெருவில் அந்தப் பேரே யாருக்கும் தெரியாது. "கடல் பொங்கிடுச்சு" என்றுதான் கத்திக்கொண்டு ஓடினார்களாம்.

இதைச் சொன்னதும் சிலர், "கமல் முன்னாடியே கண்டுபிடிச்சுச் சொல்லிட்டாரு" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அது ஜோசியம் இல்லை. சுனாமி ஜப்பான் வார்த்தை, படித்தவர்களுக்குத் தெரிந்த வார்த்தை. நமக்குப் பக்கத்தில் இருக்கும் பூம்புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலையிலேயே இருக்கிறது. தெரிந்தவர்கள் தெரிந்துதான் இருந்தார்கள். நம்ம காதுவரைக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா அன்றைக்குத் தூளுக்குப் போகாமல் இதுக்குப் போயிருந்தால் அத்தை பிழைத்திருப்பாங்களா? நானும் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒரு படத்தில் வரும் ஒரு வார்த்தை யாரையும் காப்பாற்றாது. அதுக்கு எச்சரிக்கை மையம் வேண்டும். ஐதராபாத்தில் அது 2007இல்தான் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவில் மறுபடி 8.6 அளவில் பூகம்பம் வந்து எச்சரிக்கை கொடுத்தபோது, கைக்குழந்தையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது இதே அப்பாயிதான். அன்றைக்குப் பெரிய அலை எதுவும் வரவில்லை. ஆனால் வார்த்தை தெரிந்திருந்தது, எல்லாரும் ஓடினார்கள், யாரும் எதையும் எடுக்கத் திரும்பவில்லை.

நான் சொல்ல வந்தது வேற. 2003இல் தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தை சும்மா கடந்து போயிருக்கும். பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருப்பார்கள். எங்க வீட்டில் அது கடந்து போகவில்லை. அப்படியென்றால் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தது யார்? முதல் நாள் போனவரா, இத்தனை வருஷம் கழித்துப் பார்த்த எங்க அப்பாயியா? அதுவும் பாதிப் படம்தான் பார்த்துச்சு!

இது இந்த ஒரு படத்துக்கு மட்டும் இல்லை. குணா 1991 தீபாவளிக்குத் தளபதியோடு சேர்ந்து வந்தது. கூட்டம் தளபதி பக்கம். 2024இல் மஞ்சும்மல் பாய்ஸ் மலையாளப் படம் வந்த அப்புறம்தான் நம்ம வகுப்புப் பையன்களே குணாவைத் தேடிப் பார்த்தார்கள். அப்போ அவர்களை யாரும் கிழவன் என்று கூப்பிடவில்லை! ஆயிரத்தில் ஒருவன் 2010 பொங்கலுக்கு வந்தபோது புரியவில்லை என்று நிறைய பேர் திட்டினார்களாம். 2021 டிசம்பர் 31இல் திரும்ப தியேட்டரில் போட்டார்கள். சோழர் கதை, நம்ம காவிரிப் பக்கத்துக் கதை, அதையே பதினோரு வருஷம் கழித்துத்தான் கொண்டாடினார்கள்.

அதற்காக ஓடாத படம் எல்லாம் நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. ஓடாமல் போனதே சரி என்று சொல்லும்படியான படங்களும் டிவியில் வருகின்றன. போன வாரம் ஒன்று பார்த்தேன், பேர் வேண்டாம், எங்க வீட்டுப் பூனைகூட எழுந்து போய்விட்டது.

அன்பே சிவத்தை அடுத்த வாரமும் போட்டார்கள். அப்பா முழுசாகப் பார்த்தார். முடிந்ததும், "அன்னைக்கே போயிருக்கலாம்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போயிருந்தாலும் அப்ப எனக்குப் புடிச்சிருக்காது" என்றார்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன். உங்க வீட்டில் அப்போ தவறவிட்டு அப்புறம் பார்த்துப் பிடித்துப்போன படத்தின் பேரை அதில் எழுதுங்கள். யார் விட்டது, ஏன் விட்டது என்றும் ஒரு வரி எழுதினால் நல்லது. பென்சில் கயிற்றில் கட்டித் தொங்குகிறது, தயவுசெய்து யாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

– 9ஆம் வகுப்பு மாணவி