பங்கு வாங்கினால் வணிகம் ஆகிவிடுமா?

கோடைதோறும் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் உலக போக்கர் தொடர் நடைபெறுகிறது. அதன் முதன்மைப் போட்டியில் அமர 10,000 டாலர் கட்ட வேண்டும். அத்தொகையைத் தனியே சுமக்க இயலாத ஆட்டக்காரர்கள், புறப்படுமுன்பே தமக்குக் கிடைக்கக்கூடிய பரிசில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று விற்றுப் பணம் திரட்டுகின்றனர்.

"நான் சீட்டைத் தொடவில்லை; இலாப நட்டத்தில்தான் பங்கேற்கிறேன். இது முளாரபா அன்றோ?" என்று ஒருவர் வாதிடலாம். பேச்சு நயமாகத்தான் இருக்கிறது. வடிவம் ஒத்திருப்பதும் மெய்யே. ஒருவருடைய முதல், மற்றவருடைய உழைப்பு. முதல் அழிந்தால் நட்டம் முதலிட்டவருக்கே. நபித்துவத்திற்கு முன், கதீஜா (ரலி) அவர்களின் சரக்குடன் நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்றது இவ்வகைக் கூட்டுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அங்கே சரக்கு கைமாறியது. விலை கொடுத்தவருக்கும் பொருள் கிடைத்தது. இங்கே வென்றவர் அள்ளுவதெல்லாம் தோற்றவர்கள் கட்டிய பணயம். 2023இல் 10,043 பேர் கட்டணம் கட்டி அமர்ந்தனர். ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கே பரிசு கிட்டியது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்துத் தடுத்த மைசிர் இதுவே. திறமையும் வேண்டிய ஆட்டம் என்பதனால் பணயம் பணயமல்லாமல் போய்விடாது.

முளாரபாவின் நேர்மைகூட இதில் முழுமையாக இல்லை. பெயர் பெற்ற ஆட்டக்காரர், 100 டாலர் மதிப்புள்ள ஒரு விழுக்காட்டை 120 டாலருக்கு விற்பதுண்டு. அவ்வாறு பாதியை விற்றாரெனில், முதல் சீட்டு விழுமுன்பே 1,000 டாலர் அவருக்கு மிச்சம். பங்கு வாங்கியவரோ ஒதுங்கி நிற்பவரும் அல்லர். அவர் தரும் பணமின்றிப் பலர் அந்த மேசையில் அமரவே இயலாது.