உத்தானத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் ஜில்லாவைச் சேர்ந்தது உத்தானம். தென்னையும் முந்திரியும் செழித்த சீமை. அங்கே வெயிலில் பாடுபடும் உழவர் பலர் நடுவயதிலேயே சிறுநீரகம் கெட்டு வீழ்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சர்க்கரை வியாதி இல்லை. கை கால் வீக்கமும் அபூர்வம். களைப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதாகியிருக்கிறது. இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும் 1990-களிலிருந்து இதே கதைதான். உடல்நீர் வற்றுவதாலா, பூச்சிமருந்தினாலா, குடிநீராலா? சந்தேகங்கள் பல, முடிவு ஏற்படவில்லை.

நிபுணர்கள் இல்லாத நாடா இது? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே ஒருவரது சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. 3 ஆண்டு, அதன்மேல் டி.எம். 3 ஆண்டு என்று படித்து வெளிவருகிறவர் சிகிச்சையில் சமர்த்தர்தான். ஆனால் நோய் ஏன் வந்தது, எந்த மருந்து மேல் என்று முறைப்படி சோதிக்கும் வித்தை அவருக்கு ஓரத்துப் பாடமாகவே நின்றுவிடுகிறது.

அந்த வித்தையோ லேசானதல்ல. எத்தனை பேரைச் சோதித்தால் முடிவை நம்பலாம், யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கலில் எப்படி ஒதுக்குவது, எழுத்தறியாத நோயாளிக்கும் விளங்கச் சொல்லி எப்படிச் சம்மதம் பெறுவது என்றெல்லாம் அதில் உண்டு. டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்து, சர்க்கரை இல்லாதவரின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2020-ல் நிலைநாட்டினார்கள். 21 நாடுகள், 4,304 நோயாளிகள். இந்தியரும் அதில் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் செலவு செய்தது அம்மருந்தை விற்கும் கம்பெனி. உத்தானத்து உழவனுக்காக எந்தக் கம்பெனி பணம் போடும்?

பகலெல்லாம் டயாலிசிஸ் வார்டிலும் வெளிநோயாளர் வரிசையிலும் நிற்கிற இளம் டாக்டர், ஆராய்ச்சியை இரவில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. பதவி உயர்வுக்காக அவசர அவசரமாக எழுதப்படும் கட்டுரைகளைப் பற்றிப் பேசாமலிருப்பதே மேல்! வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் போதாது. ஆராய்ச்சிக்கென்றே சம்பளமுள்ள பதவி வேண்டும். வாரத்தில் சில நாட்களாவது வார்டிலிருந்து விடுதலை வேண்டும். பக்கத்தில் ஒரு புள்ளியியல் நிபுணரும் வேண்டும்.

உத்தானத்தில் இன்று ஆரோக்கியமாயிருக்கும் வாலிபர்களின் இரத்தத்தை ஆண்டுதோறும் சோதித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தால்தான், பழுது யாருக்கு, எப்போது தொடங்குகிறது என்பது புலப்படும். இரண்டு ஆண்டு உதவித்தொகை தீர்ந்ததும் பிழைப்புக்காகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும் டாக்டரைக்கொண்டு அது நடவாது.