பெரியம்மாவுக்கும் ஒரு சாய்வு நாற்காலி

‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்ற பலகையைக் கண்டால் நம்மவர்களுக்கு ஒரு தினுசான சிரிப்பு வரும். திரைப்படச் சுவரொட்டிகள் பழக்கிவிட்ட சிரிப்பு அது. ஆனால், உல்லாசக் கப்பல்களில் அந்தப் பலகை தொங்கும் இடத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் நடப்பதில்லை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், கொஞ்சம் நிழல், ஒரு சிறிய குளம், தாழ்ந்த குரலில் பேசும் மனிதர்கள். அவ்வளவுதான். சிறுவர்களுக்கு அனுமதி இல்லை. இப்படி ஓர் இடம் தேவைதானா, இது நம் பண்பாட்டுக்கு ஒத்து வருமா என்று எங்கள் விடுதியில் ஒரு முறை வாக்குவாதம் நடந்தது. பெரும்பாலோர் ‘வெள்ளைக்காரன் பழக்கம்’ என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினார்கள். நான் மறுபக்கம் நின்றேன். இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பிரின்சஸ் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் கிரவுன் பிரின்சஸ் கப்பலில் ‘சேங்சுவரி’ என்ற பெயரில் பெரியவர்களுக்கான ஓய்விடத்தைத் தொடங்கியது. அரை நாளுக்கு இவ்வளவு, முழு நாளுக்கு இவ்வளவு என்று அதற்குத் தனிக் கட்டணம். கார்னிவல் கப்பல்களில் ‘செரினிட்டி’ என்ற இடம் உண்டு. 21 வயது நிரம்பியிருந்தால் போதும், கட்டணம் கிடையாது. ராயல் கரீபியன் கப்பல்களின் ‘சோலாரியம்’ 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பிள்ளைகளுக்காகவே பெயர் வாங்கிய டிஸ்னி கப்பல்களிலும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஒரு குளத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 2021இல் பயணத்தைத் தொடங்கிய வெர்ஜின் வோயேஜஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கப்பல் முழுவதற்கும் அந்தப் பலகையை மாட்டிவிட்டது.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. லிம் கோ தோங்கின் கெந்திங் குழுமம் 1993இல் ஸ்டார் குரூசசைத் தொடங்கிய நாளிலிருந்தே மலேசியர்களுக்குச் சொகுசுக் கப்பல் அறிமுகம். அதன் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022இல் நொடித்துப் போனது. ஆனால், அதே ஆண்டிலேயே கெந்திங் டிரீம் கப்பல் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் புறப்பட்டது. இன்று தாமான் வீடுகளில் அண்ணன், அக்கா சம்பாதிக்கத் தொடங்கியதும் தாய் தந்தையரைக் கப்பலில் அழைத்துப் போவது ஒரு கௌரவமாகிவிட்டது. நம் முன்னோர் வந்ததும் கப்பலில்தான். 1926இல் கட்டப்பட்ட ரஜுலா, மெட்ராசிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கும் ஆயிரக்கணக்கானோரைத் திறந்த தளங்களில் ஏற்றி வந்தது. அவர்களுக்குப் பாயும் பெட்டியும் வைத்த அளவுதான் இடம். ஓய்விடமா? அறைவாசிகள் உலாவிய தளத்தின் பக்கமே அவர்கள் போயிருக்க முடியாது.

சரி, எதிர்க்கட்சி சொல்வதைப் பார்ப்போம். ‘நாம் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தவர்கள். பிள்ளைகளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெரியவர்கள் தனியே சுகம் தேடும் பழக்கம் தமிழனுக்கு இல்லை’ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அது உண்மையா? அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களை நான் கேட்கிறேன்: பெரியவர்களுக்கு மட்டுமான ஓய்விடம் நம் தோட்டத்தில் இருந்ததே, மறந்துவிட்டதா? அதற்குக் கள்ளுக்கடை என்று பெயர்!

பால்மரத் தோட்டத்தின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். என் பாட்டி காடேக் பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் வெட்டியவர். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து அடுப்பு மூட்டி, சோறாக்கி, தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். வெட்டு முடிந்து, பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அதே பிள்ளையை வாங்கிக்கொண்டுதான் லயத்துக்கு வர வேண்டும். பிறகு துணி, விறகு, தண்ணீர், மறுபடி அடுப்பு. தாத்தாவும் அதே வெயிலில் அதே மரத்தைத்தான் வெட்டினார். உழைப்பில் அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், பிற்பகலில் அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. உட்காரப் பலகை, பேச நாலு பேர், ‘அப்பா’ என்று யாரும் காலைக் கட்டிக்கொள்ளாத இரண்டு மணி நேரம். கள் குடித்த பெண்களும் இருந்தார்கள்தான். ஆனாலும், அங்கே காலை நீட்டி உட்கார்ந்து பொழுதைப் போக்கும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. பாட்டிக்கு எது ஓய்விடம்? குழாயடியைச் சொல்வார்கள். அங்கேயும் இடுப்பில் பிள்ளை, கையில் வாளி.

கள்ளுக்கடைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1947இல் கெடா, பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத்துக் கள்ளுக்கடையின் முன் தொண்டர் படையினர் மறியல் செய்தார்களே, அவர்கள் செய்தது நியாயம். என் கணக்கு வேறு. கூட்டுக் குடும்பத்தின் ‘கூட்டு’ யார் இடுப்பில் உட்கார்ந்திருந்தது என்பதுதான் கணக்கு. பிள்ளைகளோடு எப்போதும் ஒன்றாக இருப்பது தமிழ்ப் பண்பாடு என்றால், அந்தப் பண்பாட்டை வீட்டில் ஒரு பாதிப் பேர் மட்டுமே காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

ஈராண்டுகளுக்கு முன்பு எங்கள் குடும்பம் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் போனது. மொத்தம் பதினொரு பேர். அதில் நான்கு பேர் பத்து வயதுக்குக் கீழே. பெரியம்மாவின் அறுபதாவது பிறந்த நாளுக்காகத்தான் அந்தப் பயணமே. முதல் இரண்டு நாளும் பெரியம்மா என்ன செய்தார் தெரியுமா? சிறுவர் குளத்தின் ஓரத்தில் நான்கு துண்டுகளோடு நின்றார். சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு தட்டுகளுக்குக் கோழியைப் பிய்த்துப் போட்டார். பெரியப்பா மட்டும் முதல் நாளே ஒரு சாய்வு நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆண்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனித் திறமை உண்டு. மூன்றாம் நாள் நானும் அக்காவும் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு, பெரியம்மாவை அந்தப் பலகை தொங்கும் கண்ணாடிக் கதவு வரை கொண்டு போய் விட்டோம். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏன்டி யாருமே பேசாம படுத்திருக்காங்க? எதும் துக்கமா?”

“இல்ல பெரியம்மா. சும்மா படுத்திருக்காங்க.”

“சும்மாவா?”

அந்த ‘சும்மாவா’வில் இருந்த வியப்பைத்தான் என் விடுதி நண்பர்களுக்கு என்னால் விளக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் பெரியம்மா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்காகக் கப்பல் நிறுவனங்களுக்கு மாலை போட்டு வரவேற்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். எனக்கும் இரண்டு மனக்குறைகள் உண்டு. ஒன்று, அமைதிக்கு விலை வைப்பது. கார்னிவல் இலவசமாகக் கொடுக்க முடிந்ததை இன்னொரு நிறுவனம் ஏன் மணிக்கணக்கில் விற்க வேண்டும்? கட்டணம் என்று வந்துவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் முதலில் சொல்வது ‘எனக்கு எதுக்கு, நீங்க போங்க’ என்பதுதான். காசு கட்டி ஓய்வெடுப்பது அவர்களுக்குத் திருட்டு மாதிரி. மற்றொன்று, அதைவிட முக்கியமானது. பெரியவர்களின் அறைக்குப் பூட்டுப் போட்டால் மட்டும் போதாது, பிள்ளைகளுக்கு நல்ல இடம் வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் மூன்று வயது முதல் சிறுவர் கூடம் இருக்கிறது. கட்டணம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் நிலைமை வேறு. டிஸ்னியில்கூடக் கைக்குழந்தைகளுக்கான காப்பகத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். ஆக, கைக்குழந்தைக்காரிக்குத்தான் அந்தச் சாய்வு நாற்காலி எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதிகமாகத் தேவைப்படுவதும் அவளுக்குத்தான்.

ஆயாக் கொட்டகையை நாம் கேவலமாகப் பேசிப் பழகிவிட்டோம். ஆயா ஒருத்தி, பிள்ளைகள் இருபது, வரிசையாகத் தொங்கும் ஏணைகள் என்று கேலியாகச் சொல்வோம். குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனாலும், ‘தாய் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக்கும் இடம் வேண்டும்’ என்ற எண்ணம் அதில் இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு நாம் தாமானுக்கு வந்தபோது கள்ளுக்கடையும் போயிற்று, ஆயாக் கொட்டகையும் போயிற்று. கள்ளுக்கடைக்குப் பதிலாக அப்பாக்களுக்கு உணவுக்கடை மேசை கிடைத்தது, பந்து விளையாட்டு பார்க்கும் பெரிய திரையோடு. ஆயாக் கொட்டகைக்குப் பதிலாக என்ன கிடைத்தது? பாட்டி கிடைத்தாள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் என்கிறது. பேறுகால விடுப்பும் 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள். நல்லதுதான். ஆனால், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு நாள் ஓய்வு எழுதப்படவில்லை.

‘அப்படியானால் எல்லாரையும் கப்பலில் ஏற்றுவதா?’ என்று கேட்பீர்கள். அதற்குப் பணம் வேண்டும். எங்கள் குடும்பத்திலும் அது ஒரு தடவை நடந்த கதைதான். கப்பலை விடுங்கள். எங்கள் ஊரில் காடேக் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கால் வலிக்கு நல்லது என்று தோட்டத்துப் பெண்கள் போவார்கள். போகும்போது பின்னால் ஒரு பட்டாளமே போகும். முழங்கால் வரை வெந்நீரில் விட்டுக்கொண்டு ஒரு கண்ணால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கோயில் திருவிழாவிலும் திருமண மண்டபத்திலும் அதே ஒரு கண்தான்.

நம் கழகத்தின் கலை இரவுக்கே வருவோம். ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர்கள் பேருந்து பிடித்து வருகிறார்கள். கூடவே தம்பி தங்கைகளும் அக்காள் பிள்ளைகளும் வருகிறார்கள். நாடகம் சூடு பிடிக்கும் நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓர் அம்மா அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போகிறார். மீதி நாடகத்தை அவர் நடைவழியிலேயே நின்று காதால் கேட்கிறார். மண்டபத்துக்குப் பக்கத்து விரிவுரை அறை அன்றிரவு காலியாகத்தான் கிடக்கிறது. இரண்டு பாய், கொஞ்சம் வண்ணப் பென்சில், கதைப் புத்தகம், முறை வைத்துப் பார்த்துக்கொள்ள ஆறு மாணவர்கள் போதும். அந்த ஆறு பேரில் குறைந்தது மூன்று பேர் ஆண்களாக இருக்கட்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எழுத்து மூலமாகவே கொடுக்கப் போகிறேன். முதல் முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் ஐந்து பேர் தேவை.