கணினியில் காணாமற்போன குடும்பப் பதிவுகளை மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்: கிராம மக்கள் சங்கம், கொண்டச்சி, முசலி, மன்னார் மாவட்டம்.

பெறுநர்: குடும்பப் பதிவுகளைக் கணினியில் பேணும் அலுவலகங்களின் பொறுப்பதிகாரிகள்.

ஐயா/அம்மணி,

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதிகளாய் இருந்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர்கள் நாங்கள். கையில் கிடைத்ததோடு வெளியேறிய குடும்பங்களுக்கு, “கணினியில் உங்கள் பெயர் இல்லை” என்ற பதில் சிறிய விடயமன்று.

ஓர் அலுவலகத்தில் அந்தப் பதில்தான் கிடைத்தது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 5.5ஆம் பதிப்பை அகற்றி 5.7ஐ நிறுவியதில் தரவுகள் அழிந்துவிட்டனவாம். அழிந்தன என்று முடிவுகட்டுமுன் பார்க்கவேண்டிய இடங்கள் இன்னும் உள்ளன என்கிறார்கள் எங்கள் ஊரில் கணினி படித்த பிள்ளைகள்.

விண்டோஸில் 5.5இன் மை.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பு, புரோகிராம் ஃபைல்ஸில் மென்பொருளோடு சேர்ந்தே இருக்கும். 5.6 முதல் அது புரோகிராம்டேட்டா என்ற கோப்புறைக்கு மாறியது. அந்தக் கோப்புறையை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைக்கும். தரவு இருக்கும் கோப்புறையின் பாதையிலும் பதிப்பு எண் உண்டு. எனவே 5.7 தன் எண்ணுள்ள வெற்றுக் கோப்புறையைத் திறந்து “ஒன்றுமில்லை” என்கிறது. பழைய தரவோ பக்கத்தில் 5.5 என்ற கோப்புறையிலேயே கிடக்கலாம்.

அதைக் கண்டதும் அவசரப்பட வேண்டாம் என்பதே எங்கள் முதல் வேண்டுகோள். தரவுத்தளத்தின் பெயரைத் தாங்கிய உட்கோப்புறையை மட்டும் பிரதிசெய்தால் காரியம் கெடும். 5.5இன் இயல்பான அமைப்பில் இன்னோடிபி என்ற சேமிப்பு முறையிலுள்ள அட்டவணைகளின் உள்ளடக்கம் அதற்கு வெளியே, ஐபிடேட்டா1 என்ற ஒரே கோப்பில் இருக்கும். உட்கோப்புறையில் உள்ள எஃப்ஆர்எம் கோப்புகள் அட்டவணையின் வடிவத்தை மட்டுமே சொல்பவை. அட்டவணையின் பெயர் திரையில் தெரியும். திறந்தால் அட்டவணை இல்லை என்று வரும். அதை இரண்டாம் முறை “அழிந்தது” என்று எங்களுக்குச் சொல்லவேண்டாம்!

ஆகவே, அந்த அலுவலகக் கணினியை ஃபோர்மட் செய்யாமல் நிறுத்திவைக்கவும். தரவுக் கோப்புறை முழுவதையும் முதலில் பிரதியெடுத்து, வேறொரு கணினியில் 5.5ஐயே நிறுவி, மை.ஐஎன்ஐயில் அந்தப் பிரதியின் பாதையைக் கொடுத்து இயக்கவும். பின் மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவி மூலம் வெளியெடுத்துப் புதியதில் ஏற்றவும். கிராம உத்தியோகத்தரின் பட்டியலைக் கோப்பிலிருந்து நேரே ஏற்றும்போது 1290 என்ற பிழை வந்தால், கோப்பு பழுதென்று திருப்பி அனுப்பவேண்டாம். 5.7 தனக்குக் குறித்த அப்லோட்ஸ் கோப்புறையிலிருந்து மட்டுமே வாசிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அங்கே வைத்தால் ஏறும்.

இனிமேல் எந்தப் பதிப்பை மாற்றினாலும், பழைய பதிப்பெண், அமைப்புக் கோப்பின் இடம், தரவுக் கோப்புறையின் பாதை மூன்றையும் முன்கூட்டியே தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கோவையில் சேர்க்கவேண்டும். தரவுப் பாதையைக் காட்ட ஒரு கட்டளை போதும், செலவில்லை. பதிவேடுகளை அட்டவணைப்படுத்திப் பேணுவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொது அதிகாரசபைகளின் கடமை என்பதையும் நினைவூட்டுகிறோம்.

பதிவுகள் மீளும்வரை, மக்களிடமுள்ள கடதாசிப் பிரதிகளை ஏற்றுக்கொள்ளவும். கணினியில் பெயர் இல்லை என்ற காரணத்துக்காக எவருடைய விண்ணப்பத்தையும் நிராகரிக்கக் கூடாது. எடுத்த நடவடிக்கையை எழுத்தில் அறியத்தரவும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர்