பேய் வீடு யார் வீடு?

சென்ற தவணை எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு சூடாக ஓடியது. கடற்கரையோரம் கூரையில்லாமல் நிற்கும் ஒரு வீட்டில் இரவானால் பெண் அழும் சத்தம் கேட்கிறதாம். சில தோழியரின் காக்காமார் கைப்பேசி வெளிச்சத்தில் அங்கே போய் வீடியோவும் எடுத்திருந்தார்கள். "நாமளும் ஒரு நாளைக்குப் போய்ப் பாப்பமே" என்று திட்டம் போட்டார்கள். நான் வரமாட்டேன் என்றதும் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள். எனக்கு வந்தது தனுஷ்கோடி நினைவு.

வாப்பாவின் கண் சிகிச்சைக்காக மதுரைக்குப் போனபோது அந்த ஊரையும் பார்த்தோம். வேன் சாரதி வழிநெடுகப் பேய்க் கதை சொன்னார். மழை இரவில் ரயில் கூவுமாம், இடிந்த தேவாலயத்தில் மணி கேட்குமாம். 'பேய் நகரம்' என்று சொல்லித்தான் ஆட்களை ஏற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கோஸ்ட் டவுன்' என்றால் ஆட்கள் விட்டுப்போன ஊர், அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் தமிழாக்கியதில் ஊருக்கே பேய் பிடித்துவிட்டது.

அந்த ஊர் நமக்கு அந்நியமானதல்ல. 1914 முதல் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதப் போன நம் நாட்டு ஆலிம்கள் பலர் அந்தத் துறையில்தான் இறங்கினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு சூறாவளி அதை அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை அலை அடித்துச் சென்றது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் பின் அரசாங்கமே அதை மனிதர் வாழத் தகுதியற்ற இடமென்று அறிவித்தது. மீனவர் குடும்பங்கள் இன்னும் அங்கே குடிசை போட்டு வாழத்தான் செய்கின்றன. இவ்வளவு கதை சொன்ன சாரதியிடம், "ரயிலில் போனவர்கள் எந்த ஊர் ஆட்கள்?" என்று வாப்பா கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

"ஜின் இருக்குதானே?" என்று தோழியர் கேட்டார்கள். இருக்கிறது. ஆனால் ஜின் வேறு, மௌத்தானவரின் ஆவி வேறு. மௌத்தானவர் பர்ஸக்கில் இருக்கிறார். இடிந்த வீட்டுக்கு வந்து அழுவதில்லை. கொல்லப்பட்டவரின் உயிர் 'ஹாமா' என்ற பறவையாகிப் பழி கேட்டு அலறும் என்று ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் நம்பினார்கள். அப்படி ஒன்றில்லை என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். நீரில் மூழ்கி இறந்தவரை ஷஹீத்களில் சேர்த்ததும் அதே நபியவர்கள்தான். கடலோடு போன ஒரு தாயை மார்க்கம் ஷஹீத் என்கிறது, நாம் பேய் என்கிறோம். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

சரி, அந்த வீடுகள் ஏன் இன்னும் அப்படியே நிற்கின்றன? 2004 டிசம்பர் 26, போயா தினம், ஞாயிறு காலை. சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாதென்று தடை வந்தது. தடை தளர்ந்தபோது பலர் உள்ளே இடம்பெயர்ந்து போயிருந்தார்கள். சில வளவுகளுக்கு உறுதியில் பெயருள்ள ஒருவரும் மிஞ்சவில்லை.

ஆளில்லாத ஊர் பார்க்க ஆசை என்றால் அக்கரைப்பற்று நுரைச்சோலைக் கதையைக் கேளுங்கள். வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள், பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் கட்டினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆண்டுக்கணக்கில் யாரும் குடியேறாமல் காடு மூடிக் கிடந்தது. அங்கே பூட்டுப் போட்டதும் பேயல்ல.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள். ஆண்டுக்கொருமுறை துஆவுக்குக் கூட்டிப் போகிறீர்கள், யார் வீடு எங்கே இருந்தது என்று சொல்வதில்லை. சொன்னால் அழுகை வரும் என்பது விளங்குகிறது. நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் இந்தக் கதைகள் குடியேறின. நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணத்தோடு அவளுக்குக் கொடுப்பது. அப்படியென்றால் ஒவ்வொரு இடிந்த வீடும் ஒரு பெண்ணின் வீடுதானே?

அன்று வீட்டுக்கு வந்து மூத்தம்மாவிடம் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது தையல்கார புள்ளட வீடு. பெருநாள் உடுப்புத் தைக்க எல்லாரும் அவகிட்டத்தான் போற. ரெண்டு பொடியன். அவட மய்யித்துத்தான் கிடைச்ச, பொடியனுகள்ற கிடைக்கல்ல" என்றார். அவரது பெயரையும் சொன்னார். உறவினரிடம் கேட்காமல் அதை இங்கே எழுதவில்லை.